எனக்கு முன்னால் சாப்பிட்டவள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பன்னிரண்டரை மணிக்கு, என் வீட்டில், என் கண்ணெதிரே, எனக்கு முன்னால் என் மனைவி சாப்பிட்டாள்.

இதைப் படிக்கிற ஆண்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் அழகர். பெயரை வைத்து முகத்தைக் கற்பனை செய்ய வேண்டாம். மட்டாஞ்சேரியில் முனிசிபாலிட்டி கொசு ஒழிப்பில் மேஸ்திரி. எனக்குக் கீழே ஆறு ஆட்கள். நான் கையைத் தூக்கினால் ஓடையில் மருந்தடிப்பார்கள், இறக்கினால் நிறுத்துவார்கள். என் குரலைக் கேட்டால் கொசுவே வேறு வார்டுக்குக் குடிபோய்விடும் என்று பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பியது நான்தான் என்றாலும் பேச்சு பேச்சுதானே.

அப்பேர்ப்பட்டவன் கை கழுவிக்கொண்டு உள்ளே வந்தால், அடுப்படியில் சுப்பம்மாள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் எங்கள் மகள் மீனாக்ஷி. இரண்டு பேர் தட்டிலும் சோறு. சுப்பம்மாள் தட்டில் அயிலையின் நடுத்துண்டு. என் நடுத்துண்டு. எங்கள் வீட்டில் மீன் என்றால் நடு எனக்கு, தலை என் தம்பி வெங்கிடாசலத்துக்கு. வால் யாருக்கு என்று நான் அதுவரை யோசித்ததில்லை.

"என்ன பண்றே?" என்றேன்.

"சாப்பிடுறேன்."

"நானும் தம்பியும் இன்னும் சாப்பிடல."

"தெரியும். நான்தானே போடணும். இன்னும் போடல."

"என்னடி புதுப் பழக்கம்?"

"புதுசுதான். உக்காருங்க, சொல்றேன்."

நான் உட்காரவில்லை. கோபத்தில் இருக்கிறவன் உட்கார்ந்தால் பாதிக் கோபம் தரையோடு போய்விடும். நின்றபடியே கேட்டேன்.

வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனை வரிசையில் மீனாக்ஷி மயங்கி விழுந்திருந்தாள். பதினொரு வயது. சனிக்கிழமை சுப்பம்மாள் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். "சின்னப் பிள்ளை, வெயில்ல நின்னிருக்கும்" என்று சொல்லிவிட்டு நான் ஓடைக்குப் போய்விட்டேன். ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சுப்பம்மாள் இப்போதுதான் சொன்னாள்.

"டாக்டரம்மா இவ கண் இமையைக் கீழ இழுத்துப் பாத்தாங்க. சுண்ணாம்பாட்டம் வெளுத்திருக்குன்னாங்க. அப்புறம் என் இமையையும் இழுத்தாங்க. 'ரெண்டு பேருக்கும் ரத்தமே இல்லையே, வீட்ல கஷ்டமா?'ன்னு கேட்டாங்க. இல்லம்மா, ரெண்டு ஆம்பளைங்க வேலைக்குப் போறாங்கன்னேன். 'அவங்க எப்படி இருக்காங்க?' நல்லா இருக்காங்க, ஒருத்தருக்குத் தொப்பை இருக்குன்னேன்."

"என் தொப்பையை எதுக்கு ஆஸ்பத்திரியில சொன்னே?"

"கேட்டாங்க, சொன்னேன். 'நீங்க ரெண்டு பேரும் என்ன சாப்பிடுவீங்க?'ன்னாங்க. மிச்சம் இருக்கிறதைன்னேன். அந்தம்மா எழுதிக்கிட்டிருந்த பேனாவைக் கீழ வெச்சுட்டு என்னையே பாத்தாங்க. வெக்கமாப் போச்சு. தின்னவங்க வீட்ல இருக்காங்க. வெக்கப்பட்டது நான்."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அவள் சத்தம் போட்டால் நானும் போடலாம். சத்தத்தில் எனக்குப் பயிற்சி உண்டு.

"பிள்ளைக்குக் கொடு, யாரு வேண்டாம்னா? நீ எதுக்குக் கூட உக்காரணும்?"

"நான் கூட உக்காரலைன்னா, அவ மீனைத் தொடாம அப்பாவுக்குன்னு ஒதுக்கி வெச்சிருவா. அப்படித்தான் பழக்கியிருக்கேன். பழக்கினவ நானு, நானே மாத்துறேன்."

மீனாக்ஷி தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் தின்றுகொண்டிருந்தாள். அவள் அவ்வளவு வேகமாகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. நான் பார்க்க அவள் சாப்பிட்டதே இல்லை என்பது அப்போது தோன்றவில்லை.

எனக்குத் தோன்றியது வேறு. எங்கள் யூனியன் ஆட்கள் அடிக்கடி செய்வது. தமிழில் உண்ணாவிரதம். மலையாளத்தில் நிராஹார சமரம். எப்பேர்ப்பட்ட அதிகாரியும் மூன்றாம் நாள் இறங்கி வருவார். சுப்பம்மாள் எம்மாத்திரம்? மீனாக்ஷி தின்று முடித்துக் கை கழுவ வெளியே போகும்வரை பொறுத்தேன்.

"இந்த வீட்ல பழைய முறை திரும்புற வரைக்கும் ஒரு பருக்கை தொடமாட்டேன்" என்றேன்.

"சரி" என்றாள். பிறகு என் பின்னால் நின்ற தம்பியைப் பார்த்து, "கொழுந்தனாரே, உங்களுக்குப் போடட்டுமா?"

வெங்கிடாசலம் எதிரில் உள்ள தீவுத் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். என் கூடப் பிறந்தவன். என் முகத்தைப் பார்த்தான், மீன் சட்டியைப் பார்த்தான். "போடுங்க மதினி" என்று உட்கார்ந்தான். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான்.

ஒரு ரகசியம் சொல்லிவிடுகிறேன். சமரம் வீட்டுக்குள் மட்டும்தான். குட்டப்பன் சேட்டன் சாயாக்கடைக்கு அது பொருந்தாது என்று மனசுக்குள் ஒரு ஷரத்து வைத்திருந்தேன். நாலு மணிக்கு அங்கே போய், "சேட்டா, புட்டும் கடலையும்" என்றேன்.

குட்டப்பன் சேட்டன் இரண்டு கையையும் குவித்தார்.

"அழகருக்கு இவிடே ஒண்ணும் இல்லா. விரதமல்லே? பெண்சாதிக்கும் மோளுக்கும் தேகத்துல ரத்தம் ஊறணும், அவங்க வயறு நிறைய உண்ட பின்னதான் நான் உண்பேன்னு பறஞ்சீங்களாமே. என் பெஞ்சாதி கேட்டுட்டுக் கண்ணைத் தொடைச்சா. 'நிங்களும் இருக்கீங்களே'ன்னு என்னைப் பாத்து ஒரு சொல்லு. அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்."

ஒரு சாயாகூடக் கொடுக்கவில்லை. வீட்டுக்கு ஓடினேன்.

"ஊர்ல என்னடி சொல்லி வெச்சிருக்கே?"

சுப்பம்மாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். "பக்கத்து வீட்டு லதீஃபா சுவர் வழியாச் சத்தம் கேட்டு வந்தா. அண்ணன் ஏன் சாப்பிடலைன்னா. நான் என்ன சொல்லட்டும்? மயங்கி விழுந்த பிள்ளை வயிறு நிறையச் சாப்பிட்டதுக்கு அப்பன் கோவிச்சுக்கிட்டான்னா?"

நான் லதீஃபா வீட்டுச் சுவரைப் பார்த்தேன்.

"உங்க மானத்தைக் காப்பாத்தி ஒரு காரணம் சொல்லியிருக்கேன். வேண்டாம்னா சொல்லுங்க. குழாயடியில இப்ப பத்துப் பேர் நிப்பாங்க. நிஜத்தைச் சொல்லிட்டு வந்துடுறேன்."

தேய்த்த சட்டியைக் கவிழ்த்துவிட்டு என் பதிலுக்காகக் காத்திருந்தாள். குடத்தை எடுத்து இடுப்பில்கூட வைத்துக்கொண்டாள். நான், "இருட்டப் போகுது, நாளைக்குத் தண்ணி எடுத்துக்கலாம்" என்றேன். வெளியே நாலரை மணி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை என் ஆட்கள் ஆறு பேரும் என் முன்னால் பொட்டலத்தைப் பிரிக்காமல் ஓடைக்கு அந்தப் பக்கம் போய்த் தின்றார்கள். மரியாதையாம். அன்று என்னைக் கடித்த கொசுக்கள் ஏமாந்துதான் போயிருக்கும். மருந்தடிக்கக் கையைத் தூக்கினேன், பசி மயக்கத்தில் இறக்க மறந்துவிட்டேன். அரை ஓடை மருந்து ஒரே இடத்தில் போயிற்று.

சாயங்காலம் சுள்ளிக்கல் வரைக்கும் நடந்தேன். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. ஒரு ஓட்டலில் நுழைந்து அப்பமும் இறைச்சியும் கொண்டுவரச் சொன்னேன். ஆவி பறக்க வந்தது. முதல் விள்ளலைப் பிய்த்தேன்.

"சாப்பிடு" என்றது ஒரு குரல்.

மூலை மேஜையில் தாவூது. லதீஃபாவின் கணவன். கடைத்தெருவில் குடை ரிப்பேர் செய்கிறவன். என்னைப் பார்த்த பார்வையில் பத்துக் குடைக்கம்பி இருந்தது.

"நீ எங்க இங்க?" என்றேன்.

"வீட்ல இருக்க முடியல. இன்னைக்கு மத்தியானம் அவ எனக்கு முன்னால சாப்பிட்டுட்டா. கேட்டா, 'அழகர் அண்ணனைப் பாருங்க மச்சான்'ங்கிறா. பத்து வருஷமா எதிர்த்துப் பேசாத பொம்பளை. உன்னாலதான்."

"நான் ஒண்ணும்..."

"பேசாம சாப்பிடுடா. நீ சாப்பிடறதை என் கண்ணால பாக்கணும். நேராப் போய் அவகிட்டச் சொல்றேன். உன் சபதமும் ஒழியும், என் வீடும் பழையபடி ஆகும்."

அப்பத்தைப் பார்த்தேன். தாவூதைப் பார்த்தேன். இதைத் தின்றால் நாளை காலைக்குள் மட்டாஞ்சேரி முழுக்க, நோயாளிப் பிள்ளையின் பேரில் விரதம் என்று சொல்லிச் சுள்ளிக்கல்லில் இறைச்சி தின்றவன் ஆகிவிடுவேன். தின்னாவிட்டால் தியாகி. எழுந்தேன். தாவூது என் தட்டை இழுத்து அவனே சாப்பிட்டான். கோபத்தில் மனுஷனுக்குப் பசி அதிகம்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் படுத்துக் கிடந்தேன். லதீஃபா எலுமிச்சைத் தண்ணீரோடு வந்தாள். அவள் பின்னால் எட்டு ஒன்பது பெண்கள். குட்டப்பன் சேட்டன் மனைவிகூட. வீட்டுக்குள் இடம் போதாமல் வாசல்படிவரை நின்றார்கள்.

"ரெண்டு பேரும் மூணு நாளா வயிறு நிறையச் சாப்பிட்டோம்" என்றாள் சுப்பம்மாள். "இனி நீங்க சாப்பிடலாம். ஆனா இவங்க எல்லாம் உங்க வாயால கேக்கணும்னு வந்திருக்காங்க. எதுக்கு விரதம் இருந்தீங்கன்னு ஒரு தடவை சொல்லிடுங்க."

என் கண்ணை நேராகப் பார்த்தாள். அவ்வளவு கோபத்தை அவ்வளவு அமைதியான முகத்தில் நான் கண்டதில்லை. நிஜத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவளுக்குப் பின்னால் மீனாக்ஷி நின்றிருந்தாள். அந்தப் பிள்ளை என்னைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்பா தனக்காகத்தான் பட்டினி கிடந்தார் என்று அவளும் நம்பியிருந்தாள்.

"இந்த வீட்டுப் பொம்பளைங்க முதல்ல சாப்பிடணும்னு" என்றேன்.

"எத்தனை நாளைக்கு அண்ணே?" என்று லதீஃபா கேட்டாள்.

"எப்பவும்" என்றேன். எலுமிச்சைத் தண்ணீர் அவள் கையில் இருந்தது. ஆயுள்வரைக்கும் என்று கேட்டிருந்தாலும் ஒப்புக்கொண்டிருப்பேன்.

எல்லோரும் போனபின் சுப்பம்மாள் எனக்குத் தட்டு வைத்தாள். என்ன வருகிறது என்று பார்த்தேன். அடிச்சட்டி, முள், தீய்ந்த சோறு, எதுவானாலும் ஒரு சண்டைக்கு ஆகும். சோறு நிறைய இருந்தது. மீன் துண்டு இருந்தது, சின்னதுமில்லை. குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"எனக்கு எடுத்து வெச்சிருந்தியா?"

"பின்னே? நாங்க முதல்ல சாப்பிட்டாலும் உங்களுக்கு வெச்சுட்டுத்தான் சாப்பிடுவோம். எங்களுக்கு வெச்சுட்டுச் சாப்பிடணும்னு பதினாலு வருஷத்துல ஒரு நாள் உங்களுக்குத் தோணல."

இரண்டு நாள் கழித்துச் சோறு தின்றேன். தண்ணீர் கேட்டேன். "குடம் அங்க இருக்கு" என்றாள். போய் எடுத்துக் குடித்தேன்.

அடுத்த வாரம் எங்கள் வார்டுப் படிப்பகமான வாயனசாலையின் செக்ரட்டரி வீட்டுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை அங்கே பெண்கள் கூட்டமாம். நான்தான் தலைமை தாங்க வேண்டுமாம். எனக்கு உயிர் வந்தது. வீட்டில் போன தலைமை வாயனசாலையில் கிடைக்கிறது. ஆண்களின் தியாகம் என்று ஒரு பேச்சுகூட மனசுக்குள் தயார் செய்தேன்.

"பேச்செல்லாம் மீனாக்ஷி எழுதிட்டா" என்றாள் சுப்பம்மாள்.

"மலையாளத்துலயா? எனக்குப் படிக்க வராதே."

"அவளே வாசிப்பா."

"தலைவர் நான். நான் என்ன பண்றது?"

"பக்கத்துல நில்லுங்க. அவ நிறுத்துற இடத்துல எல்லாம் தலையை ஆட்டுங்க."

மூன்று நாளாக ஒத்திகை நடக்கிறது. மொத்தம் ஏழு இடத்தில் ஆட்ட வேண்டும், ஐந்தாவது இடத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம் மனசார ஆட்டச் சொல்கிறார்கள்.