கேஷ் ஆன் டெலிவரி சாமியார்

செவ்வாய்க்கிழமை என்றால் அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலையோரக் கல்யாண மண்டபம் நிரம்பி வழியும். கல்யாணம் ஒன்றும் இல்லை. கிளிக்கானந்த சுவாமிகள் வருகிறார்! அவர் கண்ணை மூடி மந்திரம் சொன்னால் ஆன்லைன் கடைக்காரர்களின் செல்போனில் ஆர்டர் கொட்டுமாம். பழைய சாமியார்கள் வெறுங்கையில் விபூதி வரவழைத்தார்கள். இவர் வாடிக்கையாளரையே வரவழைக்கிறார். நாடு முன்னேறுகிறது அல்லவா!

வாசலில் இரண்டாயிரம் ரூபாய் காணிக்கை. கடையின் பெயரும் விவரமும் எழுதிய படிவம். பிறகு செல்போனைப் பித்தளைத் தட்டில் வைக்க வேண்டும். பத்தே நிமிடத்தில் 'டிங்!' ஆர்டர்! பட்டம் பெற்றவர்கள் எல்லாம் தடாலென்று காலில் விழுந்தார்கள்.

அப்படி விழுந்தவர்களில் கடத்தூர் சோபனாவும் ஒருத்தி. இன்ஜினியரிங் படித்தவள். கூந்தல் எண்ணெய், சாமை மாவு, புளித்தொக்கு, நைட்டி என்று நான்கு பிராண்டுகள் நடத்துகிறாள். நான்கு பெயர், நான்கு லோகோ, ஒரே ஷெட். ஆறு வருட உழைப்பு. விற்பனை கொஞ்சம் மந்தமானதும் விளம்பரத்தைத் திருத்தவில்லை, விலையைப் பார்க்கவில்லை. நேரே சாமியாரிடம் ஓடினாள். முதல் நாளே பதினொரு ஆர்டர். அழுதேவிட்டாள்.

இரண்டு வாரத்தில் பதினொன்றும் திரும்பி வந்தன. போக, வர கூரியர் செலவு அவள் தலையில். மறுபடி சாமியாரிடம் ஓடினாள்.

"பொருளில் குறையில்லை மகளே. பார்சல் கட்டும் கையில் தோஷம். தாலி இழந்தவளின் கை ஒன்று தெரிகிறது. அவளை விலக்கிவிட்டுப் பரிகார பூஜைக்குப் பணம் கட்டு."

சோபனாவுக்குப் புல்லரித்தது. சாமிக்கு எப்படித் தெரியும்? படிவத்தில் 'வேலையாட்கள் விவரம்' என்று ஒரு கட்டம் இருந்ததும், அதில் 'கணவனை இழந்தவர்' என்று தன் கையாலேயே எழுதியதும் அம்மையாருக்கு மறந்துபோயிற்று.

ஷெட்டில் பார்சல் கட்டுபவள் கோவிந்தம்மாள். கணவனை இழந்தவள். இந்தச் சம்பளத்தில்தான் மகளை நர்சிங் படிக்க வைக்கிறாள்.

"அக்கா, நாளையில இருந்து வராதீங்க. சாமி சொல்லிட்டாரு" என்றாள் சோபனா, தரையைப் பார்த்துக்கொண்டு.

"என்னன்னு?"

சோபனா சொன்னாள். டேப் ஒட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"ஆறு வருசமா இந்தக் கைதான பாப்பா கட்டுச்சு? அப்ப இல்லாத தோசம் இப்ப எங்கிருந்து வந்துச்சு?"

கோவிந்தம்மாள் அழவில்லை. மூலையில் கிடந்த ரிட்டர்ன் பார்சல்களை இழுத்துப் போட்டு லேபிள்களைப் படித்தாள்.

"நல்லாப் பாரு. எல்லாம் செவ்வாக்கிழம வந்த ஆர்டர். எல்லாம் கேஷ் ஆன் டெலிவரி. ஒருத்தரும் பிரிச்சுக்கூடப் பாக்கல. மத்த நாளு பார்சலயும் நான்தான கட்டுறேன்? அதுல ஒண்ணு ரெண்டுதான் திரும்புது. தோசம் வாரத்துல ஒரு நாளுதான் வேலைக்கு வருமா?"

சோபனா ஒவ்வொரு லேபிளாக எடுத்துத் தேதியைப் பார்த்தாள்.

"வர்ற செவ்வாக்கிழம கேஷ் ஆன் டெலிவரிய அணைச்சுடு. மொதல்லயே காசு கட்டி வாங்குறவங்கள சாமி கூப்புடட்டும். ஒரே ஒரு ஆர்டர் வந்துச்சுன்னா நானே வேலைய வுட்டுட்டு வூட்டுக்குப் போறேன்."

செவ்வாய்க்கிழமை இருவரும் போனார்கள். மந்திரம் முழங்கியது. சுற்றிலும் டிங், டிங்! சோபனாவின் போன் மட்டும் ஊமையாகக் கிடந்தது. சாமியார் முறைத்தார்.

"தோஷமுள்ளவள் மண்டபத்துக்குள்ளேயே வந்திருக்கிறாள்!"

கோவிந்தம்மாள் எழுந்தாள். "ஆமாங்க சாமி, நான்தான். இந்தக் கடையில கேஷ் ஆன் டெலிவரிய அணைச்சுட்டோம். காசு கட்டுறவங்களுக்கு உங்க மந்திரம் கேக்காதுங்களா?"

"சாமியையே சோதிக்கிறியா?" என்று பக்தர்கள் பாய்ந்தார்கள். பாப்பிரெட்டிப்பட்டியில் மாம்பழ ஜாம் விற்கும் முனிராஜ் மட்டும் தலையைச் சொறிந்தான். "எனக்கும் செவ்வாக்கிழம ஆர்டர் அத்தனையும் திரும்பித்தாங்க வருது" என்று சொல்லித் தன் போனிலும் அணைத்தான். அவனைப் பார்த்து இன்னொருவர். பிறகு வரிசை வரிசையாக எல்லோரும்.

சாமியார் தொண்டை கிழியக் கத்தினார். பத்து நிமிடம். இருபது நிமிடம். மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது.

மணமகள் அறையிலிருந்து ஒரு சீடன் வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்து சாமியாரின் காதில் கிசுகிசுத்தான். சாமியாரின் மார்பில் மைக் இருந்ததை அவன் கவனிக்கவில்லை.

"சாமி, ஒரு கடையிலயும் கேஷ் ஆன் டெலிவரி காட்டமாட்டேங்குது. நம்ம காசப் போட்டா ஆர்டர் பண்றது?"

ஒலிபெருக்கி அதை மண்டபம் முழுவதும் அறிவித்தது.

கூட்டம் மணமகள் அறைக்குள் புகுந்தது. நான்கு சீடர்கள், மேசை நிறையச் செல்போன்கள், பொய் விலாசங்கள் எழுதிய நோட்டு. ஆர்டர் போட்டவரும் இவர்தான், பார்சலை வாங்காமல் திருப்பியவரும் இவர்தான், அதற்குத் தோஷம் கண்டுபிடித்துப் பரிகாரம் விற்றவரும் இவர்தான்! போலீஸ் ஜீப்பில் ஏறும்போது சுவாமிகளுக்கு எந்த மந்திரமும் ஞாபகம் வரவில்லை.

சோபனா கோவிந்தம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மன்னிச்சுடுங்கக்கா."

"அது கெடக்கட்டும். நாளைக்கு வேலைக்கு வரணுமா, வேணாமா? அதச் சொல்லு."

"வாங்கக்கா. நீங்க இல்லாம எப்படி?"

வாசலில் பக்தர் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்: "இவரு போலிங்க. ஓசூர்ல நெசமாவே சக்தியுள்ள சாமி ஒருத்தர் இருக்காராமே?"

அடப்பாவிகளா! நூறு ரூபாய் எண்ணெய் வாங்குகிறவன்கூட நாற்பது பேர் எழுதிய ரிவ்யூவைப் படித்துவிட்டுத்தான் வாங்குகிறான். சாமியாரிடம் போகும்போது மட்டும் மூளையை எங்கே கழற்றி வைக்கிறீர்கள்?