சொட்டும் குடிக்காத குடிகாரர்

"ஒரு நாளைக்கு எவ்வளவு குடிப்பீர்?" என்று கேட்டார் டொக்டர் வீரசிங்கம்.

"ஒரு சொட்டும் இல்லை, டொக்டர்."

"முதல் நாள் எல்லாரும் இதைத்தான் சொல்லுறவை." டொக்டர் ஏதோ எழுதினார். அவர் பக்கமிருந்து லேசாக ஒரு வாடை வந்தது. ஊசிக்குப் பூசும் ஸ்பிரிட்டாக்கும் என்று சோதிலிங்கம் நினைத்துக்கொண்டார்.

அவர் சொன்னது சத்தியமான உண்மை. வீடு கண்டியில்; கம்பளையில் ஒரு அரசாங்கக் கந்தோரில் படம் வரைபவர். கேக்கில் முட்டை கிடக்குமென்று பிறந்தநாள் வீடுகளுக்கே போகாத சைவர். ஆனால் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். யுத்தம் நடந்த அந்த வருஷங்களில் கண்டியிலிருந்து கம்பளைக்குள் நாலு காவலரண். பஸ்ஸில் போன காலத்தில் ஒருமுறை இறக்கிக்கொண்டு போய் இரண்டு நாள் உள்ளே வைத்திருந்தார்கள். பாவம், மனிதர் பயந்துபோனார்.

அப்போதுதான் மனைவி பத்மாதேவி வழி கண்டுபிடித்தாள். குடிகாரன் குண்டு வைக்கமாட்டான் என்பது காவலரண்காரர்களின் நம்பிக்கை. பழைய மொரிஸ் மைனர் ஒன்றை எடுத்தார்கள். தினமும் காலையில் அவர் திருநீறு பூசி முடிந்ததும் அவள் சட்டையில் சாராயம் தெளித்துவிடுவாள். ஆமிக்காரன் மூக்கைச் சுளித்துச் சிரித்து, போகச் சொல்லிவிடுவான்.

ஒரு மழை நாள், வாசனை போதாதென்று கொப்பளிக்கவும் சின்னப் போத்தலில் கொடுத்துவிட்டாள். பேராதனை தாண்டித் தூரத்தில் தொப்பி தெரிந்ததும் கொப்பளித்துத் துப்பினார். நின்றது ஆமி இல்லை, டிரபிக் பொலிஸ். குடித்தவர் ஊதினால் பச்சையாகும் பலூனை ஊதச் சொன்னார்கள். அது பச்சையாய்ச் சிரித்தது.

"குடிகாரரா இல்லையா, வண்டி ஓட்டலாமா என்று டொக்டரிடம் அறிக்கை வாங்கி வாரும். இல்லாவிட்டால் லைசன்ஸ் ரத்து" என்றார் நீதவான். லைசன்ஸ் போனால் மறுபடியும் பஸ். உள்ளதைச் சொன்னாலோ, காவலரணை ஏமாற்றியதற்கு வேறு வழக்கு.

"அப்ப பலூன் காட்டினது என்ன?" டொக்டர் விடவில்லை.

"இருமலுக்கு அரிஷ்டம் குடிச்சனான்."

"மருந்தெண்ட பேரிலையும் குடிக்கிறீர்." அறிக்கையில் ஒரு வரி கூடியது.

"வேணுமெண்டால் என்ரை மனிசியைக் கேளுங்கோ!"

வெளியே மர வாங்கில் இருந்த பத்மாதேவி உள்ளே வந்தாள். அன்று கந்தசஷ்டி விரதம். பொய் சொல்லமாட்டாள் என்பது சோதிலிங்கத்துக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"வீட்டில போத்தல் இருக்கோ, அம்மா?"

"ஓம். சாமியறை அலுமாரியில."

"ஆர் வாங்கினது?"

"நான்தான்."

"எப்ப குடுப்பீங்கள்?"

"காலமை, திருநீறு பூசினாப்பிறகு. ஆனா அது குடிக்கிறதுக்கில்லை டொக்டர், அது வந்து..."

சோதிலிங்கம் அவள் காலை மிதித்தார். டொக்டர் அந்தக் காலைப் பார்த்தார். பிறகு மேசையில் கிடந்த அவருடைய அடையாள அட்டையைப் பார்த்தார்.

"காணும் அம்மா. இனி ஒண்டும் சொல்ல வேண்டாம்" என்று விறுவிறுவென்று எழுதினார்.

'நாட்பட்ட குடிப்பழக்கம். மனைவியும் உடந்தை. சிகிச்சைக்கு ஒத்துழைக்கிறார். வண்டி ஓட்டலாம். ஆறு மாதம் கிளினிக்குக்கு வரவேண்டும்.'

சோதிலிங்கத்துக்கு அழுகை வந்தது. ஆனால் நீதவான் அறிக்கையைப் படித்துத் தலையாட்டி, லைசன்ஸைத் திருப்பிக் கொடுத்தார். மறுநாள் சோதிலிங்கம் காவலரணில் குடிநோயாளர் என்று முத்திரை குத்திய கிளினிக் அட்டையை நீட்டினார். ஆமிக்காரன் பரிதாபமாகப் பார்த்து வழிவிட்டான். அப்பாடா! எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்று நிம்மதியாகச் சாப்பிட்டார்.

இருந்தாலும் மானம் என்று ஒன்று இருக்கிறதே. அடுத்த கிளினிக் நாளன்று சிற்றூழியர் கறுப்பையாவிடம் பொரிந்து தள்ளினார்.

"முப்பது வருஷம் சைவமா இருந்தனான். என்ரை வாசத்தையும் வாழ்க்கையையும் பிரிச்சுப் பாக்கத் தெரியாத உங்கட டொக்டர் என்ன டொக்டர்?"

உள்ளே டொக்டர் பன்விலத் தேயிலைத் தோட்டத்தில் நோயாளி பார்க்கப் போகக் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார். கறுப்பையா அலுமாரியைத் திறந்து ஒரு போத்தலை எடுத்தார்.

"கொஞ்சம் நகருங்க ஐயா, டாக்டர் கோட்டுல தெளிச்சு விடணும். பன்வில ரோட்டுல இன்னைக்கி செக்கிங்காம்."