அத்தானின் ஏணியும் ஐந்தரை மணி நேரமும்

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

ஏழு மாதமாக உங்களோடு பேசாமல் இருக்கும் மைத்துனன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். உங்கள் நலத்தை அக்காவிடம் சுற்றி வளைத்துக் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.

நான் மின்னஞ்சல் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் என்பது உங்களுக்குத் தெரியும். நேற்று ஒரு வாடிக்கையாளர், கேள்விக்கு முன்னாலேயே பதில் வருகிறது என்று புகார் செய்தார். பார்த்தால், பழைய கணினிகள் நேரத்தோடு தங்கள் நேர மண்டலத்தை எண்ணால் சொல்லாமல் மூன்று எழுத்தால் சொல்கின்றன. அந்த எழுத்து புரியாவிட்டால் எங்கள் மென்பொருள் மண்டலத்தைப் பூஜ்யம், அதாவது லண்டன் நேரம், என்று வைத்துக்கொண்டு, நம் ஊர்க் கணக்குக்கு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிவிடுகிறது. எந்தப் புண்ணியவான் எழுதிய விதி என்று தேடினேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் நான்தான்.

அந்த எழுத்துகளுக்கு வழி செய்துவிட்டு, சோதிக்க என் மின்னஞ்சல் பெட்டியையே திறந்தேன். உங்களிடம் இரவல் வாங்கிய ஏணிக்காக நீங்கள் கோபித்துப் பேசி, நான் அதைத் திருப்பி அனுப்பிய நாளில் நீங்கள் போட்ட இரண்டு மின்னஞ்சல்களும் இடம் மாறி நின்றன. "பேசினதை மனசுல வெச்சுக்காதே" என்று வீட்டிலிருந்து எழுதியது மதியம் ஒரு மணி. "ஏணியும் வேண்டாம், உன் உறவும் வேண்டாம்" என்று அலுவலகத்துப் பழைய கணினியில் எழுதியதோ இதுவரை காட்டிய மூன்றரை மணி அல்ல, காலை பத்து. நீங்கள் முதலில் திட்டி, பிறகு சமாதானமாகியிருக்கிறீர்கள், நான்தான் தலைகீழாகப் படித்து முறுக்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது, அத்தான். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கட்டாயம் சாப்பிட வர வேண்டும்.

அக்காவுக்கு அன்பும் உங்களுக்கு வணக்கமும்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அக்கா போன் செய்தாள். விஷயத்தைச் சொன்னேன். "அன்னைக்குக் காலையில அவர் ஆபீசுக்கே போகலடா. ஏணி வந்ததும் சந்தோஷமா உனக்கு எழுதினாரு. அப்புறம் பரண்ல ஏறப் போனாரு, மூணாவது படி ஒடிஞ்சு விழுந்தாரு. யார்கிட்டயும் சொல்லாதேன்னுட்டு, நொண்டிக்கிட்டே ஆபீஸ் போய்த்தான் உன்னைத் திட்டினாரு. அந்தக் கம்ப்யூட்டர் கடிகாரம் அஞ்சரை மணி நேரம் பின்னாடிதான் ஓடும்" என்றாள். ஆக, அதன் தப்பும் என் தப்பும் சேர்ந்து ஏழு மாதமாகச் சரியான நேரத்தைத்தான் காட்டியிருக்கின்றன. விரிசல் விட்டிருந்த அந்தப் படியைக் கம்பி போட்டுக் கட்டி, தெரியாமல் இருக்க மேலே பெயிண்ட் அடித்து அனுப்பியவன் நான்தான். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வர வேண்டாம். நான் வருகிறேன், புது ஏணியோடு. முதலில் நானே ஏறிக் காட்டுகிறேன்.