வரிசையில் போட்டாச்சு!

எந்தக் கணினி அலுவலகத்துக்குள் வேண்டுமானாலும் எட்டிப் பாருங்கள், ‘போட்டாச்சு’க்காரர் ஒருவர் இருப்பார். வேலையைச் செய்வதும் அதை வரிசையில் நிறுத்திவைப்பதும் அவருக்கு ஒன்றுதான். அமெரிக்காவின் டுலூத் நகரில் என் பக்கத்து மேசைக்காரர் வெண்டல் ஹௌகன் இந்த இனத்துக்கு நன்றாகக் கொழுத்த உதாரணம்.

அவர் பி.எச்.பி. என்ற கணினி மொழியில் எழுதிய இணையதளத்தில் நீங்கள் பொத்தானை அழுத்தினால் வேலை உடனே நடக்காது. டேட்டாபேஸில் ஒரு வரியாகப் போய் உட்காரும். வரிகளை ஒவ்வொன்றாக எடுத்து முடிக்க, ஒர்க்கர் என்ற தனி புரோகிராம் பின்னால் ஓட வேண்டும். அருமையான ஏற்பாடு, பக்கம் பறக்கும், ஒரு தகவலும் தொலையாது, கரண்ட் போய் வந்தாலும் வரிசை கலையாது என்று காபியும் கையுமாகக் கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் விளக்குவார். அந்த ஒர்க்கர் ஓடுகிறதா? அதை மட்டும் பார்க்கமாட்டார்.

ஜனவரியில் ஒரு நாள் காலை தளத்தைப் புதுப்பிப்பதற்காக ஒர்க்கரை நிறுத்தினார். மறுபடி ஓடவிட மறந்துபோனார். பதினொன்று ஐம்பதுக்கு ஃபோன் அலறியது. அந்தத் தளத்தின் வழியாக, தனியாக இருக்கும் முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு அனுப்பும் ஒடெட் மார்ஷாண்ட்.

“வெண்டல், பத்து மணிக்கே அனுப்பிட்டேன். எந்த வீட்டுக்குப் போகணும்னு ஒரு டிரைவருக்கும் தகவல் வரலையாம். சூப்பு இங்கயே ஆறுது!”

“பச்சை டிக் வந்துச்சா?”

“வந்துச்சு.”

“அப்ப போட்டாச்சு மேடம்.”

“போட்டாச்சுன்னா? போய்ச் சேர்ந்துச்சா?”

“வரிசையில பத்திரமா இருக்கு. ஒண்ணுகூடத் தொலையலை.”

“யோவ்! ஆக்னஸம்மா பதினொன்றரைக்கே இன்சுலின் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காங்க. எண்பத்தேழு வயசு. உன் வரிசையையா தின்பாங்க?”

வெண்டல் காபியைக் கீழே வைத்து நான் பார்த்தது அன்றுதான். ஒர்க்கரை ஓடவிட ஒரே கட்டளை தட்டினார்; நாற்பத்து மூன்று தகவல்களும் அடித்துப் பிடித்துக்கொண்டு கிளம்பின. ஒடெட் அதற்குள் ஆக்னஸின் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு பனியில் தானே வண்டியை விட்டிருந்தார். அரைமணி நேரம் நாங்கள் இருவரும் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு ஃபோன் வந்தது: கை நடுங்கிக் கதவைத் திறக்கமுடியாமல் தவித்தாராம் ஆக்னஸ், முதலில் ஜூஸ் குடித்துவிட்டு, இப்போது சாப்பிடுகிறாராம். அப்பாடா!

வெண்டல் நல்ல மனிதர்தான், கண் கலங்கிவிட்டது. சாயங்காலம் வரை உட்கார்ந்து ஒடெட்டுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினார்.

“அனுப்பிட்டீங்களா?” என்றேன்.

“போட்டாச்சு.”

இரண்டு வாரம் கழித்து டேட்டாபேஸைத் திறந்தேன். மற்ற தகவல்களோடு கலந்துவிடக் கூடாதென்று அந்தக் கடிதத்துக்காகவே ‘அவசரம்’ என்று தனி வரிசை ஒன்று உண்டாக்கியிருந்தார் மகானுபாவர். அந்தப் பக்கமும் எட்டிப் பார் என்று ஒர்க்கரிடம் யார் சொன்னது? ஒருவரும் சொல்லவில்லை. கடிதம் அங்கேயே இருந்தது, பத்திரமாக.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன வாரம் யாரிடமோ ‘கண்டிப்பா கூப்பிடறேன்’ என்று சொல்லிவிட்டு, கூப்பிட்டே ஆகிவிட்டதுபோல நிம்மதியாகத் தூங்கினீர்களே, அவர் குளிக்கப் போகும்போதுகூட ஃபோனைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறாராம்.