துருப்பிடிக்காத தீர்மானம்

என் வீட்டில் எனக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை வரிசை பிசகாமல் சொல்கிறேன்.

முதலாவது. வாய்க்கால் போராட்டத்துக்கு நான் எழுதி அச்சடித்த துண்டுப்பிரசுரங்களில் மிஞ்சிய கட்டுகளை, என் மனைவி விமலேஸ்வரி பயித்தம் பணியாரம் சுற்றிக் கொடுக்கப் பாவித்தாள். கண்டாவளைப் பக்கம் என் கொள்கையை எண்ணெய் படியாமல் வாசித்தவர் எவரும் இல்லை.

இரண்டாவது. ஒரு அலுவலக வாசலில் சாகும்வரை உண்ணாவிரதம் இருந்தேன். மத்தியானம் புட்டும் மீன்குழம்புமாக வந்தாள். "வீட்டில கோவிச்சுக்கொண்டு வந்திட்டார், நீங்களாவது சொல்லுங்கோ" என்று காவலாளியிடம் முறையிட்டாள். எதிர்த்தரப்பு அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சிரித்தது.

மூன்றாவது, என் பிளாஸ்மா மெசினுக்குத் தடை விதித்தாள். நாலாவதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

முரசுமோட்டையில் யோகநாதன் என்ற என் பெயரைச் சொன்னால் ஒரு காலத்தில் ஊர்வலம் நடக்கும். இப்போது கேற்றும் யன்னல் கிறிலும் செய்து கொடுக்கிறேன். கதவுகளைத் திறக்கச் சொல்லிக் கத்தியவன் கதவு செய்து பிழைக்கிறேன். வரலாறு அப்படித்தான். இரும்புத் தகட்டை வாழைத்தண்டுபோல அறுக்கும் அந்த மெசினை ஆசையோடு வாங்கினேன். முதல் நாள் ஓட்டியபோது பறந்த கறுப்புத் தூள் முழுவதும் விமலேஸ்வரி காயப்போட்டிருந்த அவித்த நெல்லில் போய் இறங்கியது. மாதர் சங்கத்துப் பெண்களோடு சேர்ந்து நெல் அவித்துக் குத்தி விற்கிறவள் அவள்.

"இஞ்சேருங்கோ. இனி அதை ஓட்டுறதெண்டால் தண்ணிக்கு மேல ஓட்டுங்கோ."

"தண்ணிக்கு மேல ஓட்ட அதென்ன தோணியே?"

"அகலமான தொட்டியில தண்ணி விட்டு, குறுக்கால இரும்புச் சட்டம் அடுக்கி, அதுக்கு மேல தகட்டை வைச்சு வெட்டுறாங்கள். பொறியும் புகையும் தண்ணிக்குள்ள அடங்கிடும். போனில பாத்தனான்."

அதிர்ந்து போனேன். நாடகம் பார்க்கிறாள் என்று நினைத்திருந்த போனில் அவள் நாட்டு நடப்பைத் தாண்டி வெல்டிங் நடப்பும் பார்த்திருக்கிறாள்.

இந்த இடத்தில் ஒரு பழைய தீர்மானத்தைச் சொல்லியாக வேண்டும். யுத்தம் முடிந்து செட்டிகுளம் அகதி முகாமிலிருந்து ஊர் திரும்பி வந்தபோது, ஒருவர் குசினியில் இன்னொருவருடைய பாத்திரம் இருந்தது. யாரும் களவெடுக்கவில்லை. ஓடிய ஓட்டத்தில் எல்லாம் கலந்து போயிற்று. ஆனால் சண்டை மூண்டது. துருப்பிடிக்காத சில்வர்ப் பாத்திரத்தில் பெயர் பொறித்து வைப்பது எங்கள் சனத்தின் வழக்கம். அதைப் பிடித்துக்கொண்டு சனசமூக நிலையக் கூட்டத்தில் எழுந்தேன். "பாத்திரத்தில் யாருடைய பெயரோ, அவருக்கே பாத்திரம். சாட்சிகள் முன் பெயரை உரக்க வாசித்தால் வழக்கு முடிந்தது." ஏகமனதாக நிறைவேறியது. குரல்வளம் கருதி, வாசிக்கும் பொறுப்பையும் எனக்கே தந்தார்கள். அன்றிலிருந்து இந்த ஊரில் எந்தப் பாத்திர வழக்கும் பொலிசுக்குப் போனதில்லை.

நீதி வீட்டிலிருந்தே தொடங்க வேண்டும் அல்லவா. விமலேஸ்வரி நெல் ஊறவைத்த பெரிய சில்வர்க் கிடாரத்தை நானே முற்றத்தில் கவிழ்த்து, "பிரேமிளா" என்று வாசித்தேன். வாய்க்கால்கரைப் பிரேமிளா வந்து தூக்கிக்கொண்டு போனாள். ஊரே கைதட்டியது. விமலேஸ்வரி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நீதியின் முன் வாயடைத்துப் போனாள் என்று எண்ணினேன்.

அதன்பிறகு அவள் நெல் ஊறவைத்தது பரல் என்கிற இரும்புப் பீப்பாயில். எங்கள் கிணற்றுத் தண்ணி உப்புச் சவர். பரல் துருப்பிடித்து, அரிசியில் செம்புள்ளி விழுந்தது. ஒரு சில்வர்த் தொட்டி செய்து தரச் சொல்லிக் கேட்டாள். ஆடம்பரம் எப்படி ஒரு சமுதாயத்தை அழிக்கிறது என்று விளக்கினேன். மறுபடி கேட்கவில்லை.

இனி, அவள் சொன்னபடி தண்ணிக்கு மேல் தகடு வெட்டும் என் மேசைக்கு வருவோம். தண்ணி நிற்கிற தொட்டி. துருப்பிடிக்காத உலோகம் வேண்டும். துருவுக்கும் துரோகத்துக்கும் முதலெழுத்து ஒன்று. இரண்டும் உள்ளிருந்துதான் தொடங்கும்.

"சும்மா இரும்புத் தகட்டில செய்து பெயின்ற் அடிச்சு விடுங்கோ" என்றாள்.

"பெயின்ற் சுடுபொறிக்கு நிக்குமே? உரிஞ்ச இடத்தில துரு ஏறும். உம்மட பரலைப் பாரும்."

"அப்ப துத்தநாகம் பூசின தகடு."

"நாகம் சுட்டால் வெள்ளைப் புகை வரும். போன மாரியில நாகம் பூசின பைப்பை வெல்ட் பண்ணிப்போட்டு நான் காய்ச்சலும் நடுக்கமுமாக் கிடந்தது மறந்து போச்சே?"

"கொத்தமல்லி அவிச்சுத் தந்தது நான்தானே, மறப்பனே. சரி, அலுமினியம்?"

"அலுமினியத்தை இரும்புச் சட்டத்தோட சேத்துச் சவர்த்தண்ணியில விட்டால் அரிச்சு ஓட்டை விழும். ரெண்டு உலோகம் ஒரு தண்ணிக்குள்ள ஒத்துப்போகாது. ஒண்டு மற்றதைத் தின்னும்."

"எங்களைப் போல."

"என்ன?"

"ஒண்டுமில்லை. எதையாவது செய்யுங்கோ. சில்வர் மட்டும் வேண்டாம். அது ஆடம்பரம்."

வாசகர்களே, எதிர்ப்பு என்றால் எனக்குச் சாப்பாடு. எதிர்ப்பில்லாத இடத்தில் நான் கொட்டாவி விடுவேன். எழுந்து நின்றேன். சில்வர் ஆடம்பரமல்ல, உழைப்பாளியின் உரிமை என்று கதைத்தேன். கடற்காற்றுக்கும் சவருக்கும் ஈடுகொடுக்கும் ஒரே உலோகம் அதுதான் என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "அப்ப உங்கட விருப்பம்" என்றாள். நாற்பது கூட்டங்களில் கிடைக்காத வெற்றி குசினி வாசலில் கிடைத்தது.

பரந்தனில் பழைய இரும்பும் தகடும் விற்கும் முத்தலிப் நானாவிடம் போனேன். என் பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தமும் கையில்.

"காந்தம் ஒட்டேல்லை நானா. நல்ல தகடுதான்."

"காந்தத்தை மட்டும் நம்பாதீங்க தோழர். மட்டமான சில்வரிலயும் காந்தம் ஒட்டாது, ஆனா துரு ஏறும். ஒரு துண்டு தாறன். உங்கட கிணத்துத் தண்ணியில ஊறப்போட்டுப் பாருங்க."

அந்தத் துண்டைக் கண்டதும் விமலேஸ்வரி தானாகவே வாங்கித் தன் பரலுக்குள் போட்டுக் காத்தாள். "ஒரு புள்ளி இல்லை" என்று கண்ணாடிபோலத் துடைத்துக்கொண்டு வந்து காட்டினாள். இத்தனை வருட இல்லறத்தில் என் வேலைக்கு அவள் ஒத்தாசை செய்தது அதுவே முதல்தடவை. அதிர்ச்சியில் கதிரையைத் தேடினேன்.

முத்தலிப்புக்கு ஒரு கேற் செய்து தருவதாகப் பேசித் தகட்டைக் கொண்டுவந்தேன். அவளுடைய ஒத்தாசை நிற்கவில்லை.

"கொஞ்சம் ஆழமாச் செய்யுங்கோ. புகை நல்லா அடங்கும்."

செய்தேன்.

"அடியில பெரிய பைப் ஒண்டு வையுங்கோ, தண்ணி மாத்த."

வைத்தேன்.

"உள்பக்கம் கையில கீறாமல் வழுவழுப்பாத் தேயுங்கோ."

"உள்ளுக்கு ஆரின்ர கை போகப்போகுது?"

"கழுவுறது ஆர், நீங்களே?"

தேய்த்தேன். தொட்டிக்குள் முகம் தெரிந்தது. மிஞ்சியது ஒரு நீளத் துண்டு. அதைக் கையில் எடுத்துப் பார்த்து, "இந்த மெசினால எழுத்து வெட்டலாமோ?" என்று கேட்டாள்.

"எழுத்து என்ன, தேர்தல் விஞ்ஞாபனமே வெட்டலாம்."

"எத்தினை நோட்டீஸ் அடிச்சனீங்கள். ஒண்டிலயாவது என்ர பேர் இருந்ததோ?"

நெஞ்சில் தைத்தது. தடையை அன்று ஒரு நாள் அவளே தளர்த்தினாள். காயப்போட்ட நெல்லையும் அள்ளி உள்ளே வைத்தாள். மணலில் தகட்டை வைத்து அவள் பெயரை வெட்டினேன். தமிழில் சுழி உள்ள எழுத்தை வெட்டினால் நடுத்துண்டு கழன்று விழும். அது விழாமல் சின்னப் பாலம் விட்டு வெட்டத் தெரிய வேண்டும். எனக்குத் தெரியும். பக்கத்தில் என் பெயரையும் வெட்டவா என்று கேட்டேன்.

"உங்கட பேர் எதுக்கு. நீங்கள் பொதுமனுசன்."

பெருமையாக இருந்தது.

அடுத்த நாள் தொட்டியில் தண்ணி நிரப்பிப் பார்த்தோம். ஒழுகவில்லை. ஆனால் ஒரு பக்கம் வயிறு தள்ளியது. வெளியே ஒரு பட்டை வைத்து வெல்டிங்கில் ஒட்டினால் நிற்கும்.

"இரும்புப் பட்டை ஒண்டு வைச்சு ஒட்டி விடுங்கோ" என்றாள்.

"சொன்னதெல்லாம் மறந்து போச்சே? சில்வரில இரும்பை ஒட்டினால் ஒட்டின இடத்தில துரு. அதே தகடுதான் வேணும்."

"அதே தகட்டில மிச்சம் என்ர பேர் மட்டும்தான் கிடக்குது."

"அதைத்தான் வைக்கப்போறன்."

"ஐயோ, வெளியிலயே? ஆக்கள் பாப்பினம். எனக்கு வெக்கமாக் கிடக்கு."

வெட்கப்படுகிறாள் என்பதற்காகவே பெயர்த்துண்டின் நாலு விளிம்பையும் சுற்றி ஒட்டினேன். கடப்பாரை போட்டாலும் கழலாது.

"வெள்ளிக்கிழமை நல்ல நாள். அண்டைக்குத் தொடங்குங்கோ" என்றாள். நாள் பார்ப்பதை எதிர்த்து மூன்று பிரசுரம் எழுதியவன் நான். ஆனாலும் பெயர் வெட்டிக் கொடுத்த மயக்கத்தில் தலையாட்டினேன்.

வெள்ளி காலை குறுக்குச் சட்டங்கள் வாங்கப் பரந்தனுக்குப் போனேன். முத்தலிப்பின் கடை பூட்டியிருந்தது. வெறுங்கையோடு திரும்பினால், என் முற்றத்தில் ஒரு பொதுக்கூட்டம். மாதர் சங்கம் முழுவதும் நின்றது. என் மேசைக்குச் சந்தனப் பொட்டு. உள்ளே விளிம்பு முட்டத் தண்ணியும் நெல்லும். ஒரு பொறிகூட அதில் விழவில்லை. நல்ல கதிரையில் முத்தலிப் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன இது?" என்றேன்.

"நெல்லு" என்றாள் விமலேஸ்வரி. "பின்னேரம் அவிக்கோணும்."

"இது என்ர மேசை."

சங்கத் தலைவி ஞானேஸ்வரி அக்கா முன்னால் வந்தார். "தம்பி, பாத்திர வழக்கு வந்திட்டுது. வழமைப்படி முடிப்பம். சாட்சியள் நிக்கினம்."

"இதைச் செய்தது நான். உழைத்தவனுக்கே உரிமை."

"அண்ணை, என்ர கிடாரத்தை நான் செய்யேல்லை. பேர்தானே இருந்தது. நீங்கள்தானே வாசிச்சனீங்கள்" என்றாள் பின்வரிசையிலிருந்து பிரேமிளா.

"தகடு எடுத்தது நான்."

முத்தலிப் கோப்பையைக் கீழே வைத்தார். "அது தங்கச்சி போன மாசமே சொல்லி வைச்ச தகடு தோழர். நீங்க வந்து தூக்கிட்டுப் போனீங்க, அவ்வளவுதான்."

விமலேஸ்வரியைப் பார்த்தேன். கிடாரம் போன அன்று இருந்த அதே முகம். வாயடைத்த முகம் என்று நான் நினைத்தது காத்திருக்கிற முகம்.

தீர்மானத்தை எதிர்த்துப் பேச இடமிருந்ததா என்று யோசித்தேன். இல்லை. ஓட்டையில்லாமல் எழுதியிருந்தேன். ஊரில் அந்தத் தீர்மானம் ஒன்றுதான் என் பெயரில் மிஞ்சியிருக்கிறது. அதையும் முறித்தால் நான் வெறும் கேற் செய்கிறவன்.

மெல்லக் குனிந்தேன். என் கையாலேயே வெட்டி, என் கையாலேயே ஒட்டிய எழுத்துகள். வாசித்தேன்.

"சத்தமா வாசியுங்கோ" என்றாள் அவள். "பின்னுக்கு நிக்கிற ஆக்களுக்குக் கேக்கேல்லை."

நிமிர்ந்து நின்று, வாய்க்கால் போராட்டத்தில் முழங்கிய அதே குரலில் வாசித்தேன்:

"விமலேஸ்வரி."