உடையாத தெப்பக்குளம்

எதையாவது உடைத்துவிட்டுத் திட்டு வாங்கியவர்கள் உலகத்தில் ஏராளம். செய்த பொருள் உடையவில்லை என்பதற்காகச் சொந்தபந்தம் மொத்தமும் கூடி நின்று திட்டியது, எனக்குத் தெரிந்து, என் ஒருத்தியைத்தான். அதுவும் நல்ல நாள் அதுவுமாக, புதுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு நின்று வாங்கினேன்.

நான் பிறந்து வளர்ந்தது மலை மேலிருக்கும் சித்திரபுரம். அப்பாவுக்கு மின்சார வாரியத்தில் வேலை, வாரியக் குடியிருப்பில் வீடு, ஜன்னலைத் திறந்தால் தேயிலை. வாக்கப்பட்டு வந்தது பாலக்காட்டின் கிழக்குக் கோடியில் இருக்கும் எருத்தேன்பதி. இங்கே ஜன்னலைத் திறந்தால் வெள்ளைப்பொடி.

எங்கள் தோட்டத்தை ஒட்டி ஒரு கல் குவாரி, பக்கத்திலேயே கிரஷர். கல்லை உடைத்து ஜல்லியையும் மணலையும் விற்றுவிடுவார்கள். மாவு மாதிரி மிஞ்சுகிற பாறைப்பொடியை மட்டும் யாரும் சீந்தமாட்டார்கள். அது குன்றுபோலக் குவிந்து கிடந்தது. காற்றடித்தால் எங்கள் தென்னைகளுக்குப் பவுடர் பூசும். மழை பெய்தால் கரைந்து வந்து ஓடையை அடைக்கும். காயப்போட்ட துணியில் பொடி, மோரில் பொடி, மாமனாரின் மீசையில்கூடப் பொடி. ஓடை அடைபட்டுப்போன நாளிலிருந்து மாமனாரும் குவாரி முதலாளியும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

நானோ சிவில் டிப்ளமோ. (அரியர் ஒன்றுகூட இல்லை. நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.) எல்லோரும் அந்தக் குவியலைப் பார்த்துச் சபித்துக்கொண்டிருந்தபோது, நான் அதில் வீடுகளின் சுவர்களைப் பார்த்தேன். பொடியோடு சிமெண்டும் கொஞ்சம் ஜல்லியும் சேர்த்து அச்சில் இட்டால் கட்டடக் கல். குவியலும் குறையும், ஓடையும் ஓடும், செங்கல்லுக்காக வயல் மண்ணைத் தோண்டவும் வேண்டாம். எனக்கு வேண்டியதெல்லாம் கல் அறுத்துக் காயவைக்க ஒரு சமதளமான இடம். நெல் அடிக்க வயலுக்கே மிஷின் வந்துவிட்டதால் எங்கள் பழைய களம் சும்மாதான் கிடந்தது. மாமனாரிடம் கேட்டேன்.

"களமா?" என்றார். "அந்தப் படுபாவி கொட்டற குப்பைய அள்ளியாந்து போடறதுக்கு என்ற களந்தான் கெடச்சுதா அம்மிணி?"

"குப்பை இல்ல மாமா, கல்லாக்கிரலாம். செஞ்சு காட்டுறேன், பாருங்க."

செய்து காட்டினேன். சிக்கனம் என்று நினைத்துச் சிமெண்டைக் கிள்ளிப் போட்டிருந்தேன். ஆற அமரக் காயவும் விடவில்லை. மாமனார் பார்க்க வந்த நேரத்தில் ஒரு கோழி அந்தக் கல்லின் மேல் ஏறி உட்கார்ந்தது. மூலை பொலபொலவென்று உதிர்ந்தது. கோழியே பயந்து கத்திக்கொண்டு ஓடிவிட்டது.

மாமனார் ஒரு துண்டைக் கையில் எடுத்து நசுக்கிப் பார்த்தார். "கல்லா இது? ஒப்புட்டாட்ட இருக்குது. நெய்ய ஊத்தித் திங்கலாம்." (ஒப்புட்டு என்றால் போளி.)

வீட்டுக்காரர் சிரித்தார். (அந்தச் சிரிப்புக்கு இன்றைக்கும் நான் கணக்குத் தீர்க்கவில்லை.) மாமனார் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒரே பேச்சாகச் சொன்னார்: "ஒடையாத கல்லு ஒண்ணு பண்ணிக் காட்டு. அப்பறம் களத்தப் பத்திப் பேசலாம்."

அந்த வார்த்தையைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். உடையாத கல். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் பொய். நன்றாகவே இறங்கியது. ஆனால் சாப்பிடும்போதும் கல் நினைப்புதான்.

பொங்கல் வந்தது. கல்யாணமான முதல் வருடம் தலைப்பொங்கலுக்கு அம்மா வீட்டுக்குப் போய்விட்டதால், புகுந்த வீட்டில் எனக்கு அதுதான் முதல் பொங்கல். ஒரு மாதத்துக்கு முன்பே மாமியார் கூப்பிட்டார்.

"அம்மிணி, பட்டிப் பொங்கலுக்குத் தெப்பக்குளம் கட்டோணுமல்லோ? இந்த வருசம் நீயே கட்டிப்போடு கண்ணு. புது மருமவ கட்டுனா பட்டி பெருகும்."

"சரி அத்தே. எம்புட்டுப் பெருசு வேணும்?"

"தண்ணி நிக்கோணும். மேல சாணி போட்டு வளிக்கோணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் இல்லை அத்தை! அவ்வளவுதான் இல்லவே இல்லை!

விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். (அன்றைக்கு என்னிடம் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.) இந்தப் பக்கம் மாட்டுப் பொங்கலைப் பட்டிப் பொங்கல் என்பார்கள். பட்டி என்றால் மாடுகளை அடைக்கிற இடம். அதன் நடுவில் மண்ணையும் சாணியையும் குழைத்துச் சின்னதாக ஒரு குளம் கட்டி, தண்ணீர் விட்டு, பூப்போட்டுப் படைப்பார்கள். படையல் முடிந்ததும் கன்றை ஓட்டி அதை மிதிக்கவிடுவார்கள். கரை உடைந்து தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமிருந்து அந்த வருடம் மழை வரும் என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. மழைக்கு வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கிற ஊர் இது. ஆகவே அது விளையாட்டில்லை.

அந்த 'உடையணும்' என்பதை மட்டும் யாரும் என்னிடம் சொல்லவில்லை. தாலி கட்டினால்தான் கல்யாணம் என்று யாராவது விளக்கிக்கொண்டிருப்பார்களா? அவர்களுக்கு அது அவ்வளவு இயல்பான விஷயம். சித்திரபுரத்தில் எங்கள் மாட்டுப் பொங்கல் என்பது, பால்கார அண்ணாச்சியின் ஒற்றைப் பசுவுக்குப் பொட்டு வைத்துவிட்டு டிவி பார்ப்பதோடு முடிந்துபோகும். நான் குளம் என்றால் தண்ணீர் தேங்கத்தான் என்று நினைத்தேன். ஒழுகாத, விரிசல் விடாத, உடையாத குளம். மாமனாருக்கு நான் கொடுக்கப்போகும் பதில்!

நேராகக் குவாரி முதலாளியிடம் போய்ப் பொடி கேட்டேன். அவர் மலையாளத்துக்காரர். பொடியை ஒருத்தி கேட்டு வந்த சந்தோஷத்தில் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "எத்ர வேணும் மோளே? முழுவனும் கொண்டு போய்க்கோ! நான் லாரி தராம்!"

"பொங்கலுக்கு எங்க வீட்டுக்கு வாங்க சார். உங்க பொடி என்னவா ஆயிருக்குன்னு கண்ணால பாருங்க" என்று அழைத்துவிட்டு வந்தேன். மாமனாரிடம் சொல்லவில்லை. எல்லாரையும் ஒரே நாளில் அசத்திவிடலாம் என்ற திட்டம்.

இந்த முறை சிமெண்டில் கஞ்சத்தனம் காட்டவில்லை. கல் அறுத்து, ஈரச்சாக்குப் போர்த்தி, பிள்ளை பெற்றவளைக் கவனிப்பதுபோல வேளாவேளைக்குத் தண்ணீர் தெளித்தேன். பட்டியைச் சுத்தம் செய்கிற சாக்கில் மாடுகளை வேறு இடத்தில் கட்டச் சொல்லிவிட்டு, நாலு பேர் தாராளமாக உட்காரும் அளவுக்கு, முழங்கால் உயரத்துக்குக் கரை எழுப்பினேன். மனசு ஆறாமல் உள்ளே இரும்புக் கம்பியும் கொடுத்தேன். மேலே சாணி வழித்ததும் அசல் மண் குளம் மாதிரியே இருந்தது. மாமியார் வந்து பார்த்துவிட்டு, "கொஞ்சம் பெருசாப் போச்சு. இருந்தாலும் அம்சமா இருக்குது கண்ணு" என்று என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார்.

பட்டிப் பொங்கலன்று சாயங்காலம் ஒறம்பரை சனமெல்லாம், அதாவது சொந்தபந்தம் மொத்தமும், பட்டியைச் சுற்றிக் கூடிவிட்டது. கொம்புக்கு வர்ணம், கழுத்துக்கு ஆவாரம்பூ மாலை என்று மாடுகளெல்லாம் ஜோராக நின்றன. வெள்ளை வேட்டி சரசரக்க, கையில் இனிப்புப் பெட்டியோடு குவாரி முதலாளி வந்து இறங்கினார். மாமனாரின் முகம் இறுகியது. ஆனாலும் வீட்டுக்கு வந்தவரை என்ன செய்வது? "வாங்க" என்றார். அதற்கு மேல் ஒரு எழுத்து இல்லை.

படையல் முடிந்தது. வீட்டுக்காரர் செவலைக் கன்றைக் கயிற்றோடு குளத்தை நோக்கி இழுத்தார். எனக்குப் பகீரென்றது.

"ஏங்க, பாத்துப் பிடிங்க! குளத்துல ஏறப்போகுது!"

கன்று ஏறவில்லை. கரை மேல் மோவாயை வைத்துத் தண்ணீரைக் குடிக்க ஆரம்பித்தது. பின்னாலிருந்து தள்ளினார்கள். அலுங்காமல் ஒரே தாவாகத் தாவி அந்தப் பக்கம் போய் நின்றது. மறுபடியும் ஓட்டினார்கள். குளம்பு கரையில் பட்டு வழுக்கியதே தவிர, ஒரு மண்கூட உதிரவில்லை. நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன்.

"அட, ஒடைய மாட்டீங்குதே!" என்றார் மாமியார்.

"எதுக்கு அத்தே ஒடையணும்?" என்றேன்.

பட்டியில் அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மாடுகளும் பார்த்ததாகத்தான் எனக்கு ஞாபகம்.

மயிலைக் காளையைக் கொண்டுவந்தார்கள். அது முன்னங்காலைத் தூக்கி ஓங்கி வைத்தது. சாணி பெயர்ந்து விழுந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில், பளபளவென்று, என் கல்! மாமனார் குனிந்து தட்டிப் பார்த்தார்.

"இது என்ன அம்மிணி?"

"பாறைப்பொடிக் கல்லு மாமா. ஒடையவே ஒடையாது."

இதைச் சொல்லும்போது என் முகத்தில் அப்படி ஒரு பெருமிதம். (வீடியோ இருக்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் போட்டுக் காட்டுகிறார்கள்.)

"டேய், கடப்பாரைய எடுத்தா!" என்று மாமனார் மகனை ஏவினார்.

வீட்டுக்காரர் ஓங்கிப் போட்டார். ணங்கென்றது. கடப்பாரை எகிறி விழுந்தது, அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "என்னத்தப் புள்ள உள்ள போட்டு வெச்சிருக்கற?"

"சிமெண்ட் கொஞ்சம் தூக்கலாப் போட்டேங்க. கம்பியும் குடுத்துருக்கேன்."

"தெப்பக்குளத்துக்குக் கம்பியா!"

"மழை வந்தாப்லதான்" என்றது ஒரு குரல். "மலங்காட்டுப் புள்ளைகிட்டப் பட்டி வேலையக் குடுத்தா இப்படித்தான்" என்றது இன்னொன்று. யாரோ ஓடி வந்து காதில் விவரம் சொன்னார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒடையாத கல் கேட்ட மனுஷனுக்கு, உடைய வேண்டிய ஒரே இடத்தில் கொண்டுபோய் அதைக் கட்டி வைத்திருக்கிறேன். களம் போச்சு. பொடி குன்றாகவே கிடக்கப்போகிறது. இந்த வருடம் மழை பொய்த்தாலும் பழி என் தலையில்தான். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

என் முகத்தைப் பார்த்து மனசு கேட்காமல், குவாரி முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "என்ட பொடியல்லே? நான் நோக்கட்டே" என்று கரை மேல் ஏறி நின்று, ஒரு உதை கொடுக்கக் காலைத் தூக்கினார். கீழே ஈரச்சாணி.

தொபுக்கடீர்!

முதலாளி குளத்துக்குள் உட்கார்ந்திருந்தார். ஆள் நல்ல கனம். தண்ணீர் நாலு கரையையும் தாண்டிப் பொங்கி, பட்டி முழுக்கப் பாய்ந்தது. அவர் தலையில் ஒரு ஆவாரம்பூக் கொத்து. அப்புறம் என் மாமியார், தண்ணீர் ஓடினால் கூவியே பழகிய வாய் அல்லவா, தன்னை மறந்து கூவினார்:

"பொங்கலோ பொங்கல்! பட்டிப் பொங்கல்!"

அவ்வளவுதான். சனம் மொத்தமும் தட்டைத் தட்டிக்கொண்டு கூவியது. மாமனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே கையை நீட்டி முதலாளியைத் தூக்கிவிட்டார். "ஏனுங் மொதலாளி, அடி கிடி பட்டுதுங்களா?" ஓடை அடைபட்ட நாளுக்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொண்டது அன்றைக்குத்தான்.

முதலாளி வேட்டியைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "எனக்கொண்ணும் இல்லா. கல்லு கொள்ளாம்!" (கல் பிரமாதம் என்று அர்த்தம். உட்கார்ந்து பார்த்தவர் சொல்கிறார்.)

மறுநாள் காலையில் ணங், ணங் என்று சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். மாமனார் தன்னந்தனியாகப் பட்டியில் நின்று, சம்மட்டியால் குளத்தைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தார். வேர்த்து விறுவிறுத்துப்போயிருந்தார். கரையில் ஒரு சின்னச் சில்லு பெயர்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் சம்மட்டியைக் கீழே வைத்தார்.

"களத்துல போட்டுக்க அம்மிணி. ஓடையில ஒரு பொடி எறங்கப்படாது, ஆமா. அப்பறம், ஊரு பூராம் கட்டு. என்ற பட்டிக்குள்ள மட்டும் கட்டீராதே."

அந்த வருடம் மழை நாலு பக்கமிருந்தும் வந்தது என்று மாமனார் சத்தியம் செய்கிறார். நான் பார்த்தவரை வழக்கமான பக்கமிருந்துதான் வந்தது. வாதாடுவதில்லை, களம் கொடுத்த மனுஷன்.

இப்போது குவியல் நன்றாகவே குறைந்துவிட்டது. ஓடை ஓடுகிறது. மோரில் மோர் மட்டும் இருக்கிறது. அந்தத் தெப்பக்குளம் இன்றைக்கும் பட்டியில் மாடுகளின் தண்ணீர்த் தொட்டியாக அசையாமல் நிற்கிறது. பொங்கலுக்கு அதன் பக்கத்தில் மாமியார் தன் கையாலேயே மண் குளம் கட்டுகிறார். மண்ணைத் தொட எனக்கு அனுமதி இல்லை. படையல் முடிந்ததும் யாராவது ஒருத்தர் தவறாமல் கேட்பார்கள்: "பட்டி மிதிக்க மொதலாளிக்குச் சொல்லியாச்சுங்களா?" முதலாளியும் வருஷா வருஷம் வருகிறார். தூரமாக, நாற்காலியில்தான் உட்காருகிறார்.

என் கல்லுக்கு நான் யோசித்து யோசித்து அழகான ஒரு பெயர் வைத்து, களத்து வாசலில் பெரிய போர்டும் மாட்டியிருக்கிறேன். அதை ஒருத்தராவது படித்ததாகத் தெரியவில்லை. பக்கத்துச் சித்தூரிலிருந்து லாரி எடுத்துக்கொண்டு வருகிறவர்கள்கூட இறங்கியதும், "ஏனுங், அந்த மொதலாளி உக்காந்த கல்லு இங்கதானுங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறும். டிப்ளமோ படித்தவள், அரியர் இல்லாதவள், என் கல்லுக்கு இப்படி ஒரு பெயரா என்று.

"இங்கதானுங்க. எத்தன லோடு வேணுங்க?" என்கிறேன்.