கழல மறுத்த பெட்டி

மூன்றாவது முறையும் திரை அதே பதிலைத்தான் சொன்னது: 'கழற்ற முடியாது. பயன்பாட்டில் உள்ளது.'

கோ பிங்-யாவ் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பதில் மாறவில்லை. சியாயி நகரத்தின் மேல் காலையிலிருந்து விடாமல் மழை. கீழ்த்தளத்து இயந்திர அறையில் சுவர்கூட வியர்த்திருந்தது.

அவர் கணினிகளைப் பராமரித்துவந்த நில அளவை நிறுவனத்தின் வரைபடங்கள் எல்லாம் ஒரு பழைய சேமிப்புப் பெட்டியில் இருந்தன. ஊழியர்கள் வேலை பார்க்கும் பெரிய கணினியோடு அதை வலைக் கம்பி வழியாக மாட்டியிருந்தார்கள். இப்போது புதுப் பெட்டி வந்துவிட்டது. படங்களை அதில் நகல் எடுத்தும் ஆயிற்று. பழையதைக் கழற்றினால்தான் புதியதை மாட்டலாம். ஆனால் ஒரே ஒருவர் ஒரே ஒரு படத்தைத் திறந்து வைத்திருந்தாலும் பழையது கழலாது.

"வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள முடிச்சிடுங்க, கோ. அப்புறம் உங்க ஒப்பந்தத்தைப் பத்திப் பேசுவோம்" என்று பிரிவுத் தலைவர் ஷியாவ் சொல்லியிருந்தார்.

இன்று வெள்ளிக்கிழமை. ஐம்பத்து மூன்று வயதுக்காரரைப் புதிதாக வேலைக்கு எடுக்க இந்த ஊரில் யாரும் காத்திருக்கவில்லை. கோவுக்கு அது நன்றாகத் தெரியும்.

எல்லோரும் படங்களை மூடும்படி அலுவலகத்தின் கைபேசிக் குழுவில் பணிவாக ஒரு செய்தி போட்டார். தலை வணங்கும் கரடிப் படங்கள் வரிசையாகப் பதிலுக்கு வந்தன. அதுவரை இரண்டு கோப்புகள் திறந்திருந்தன. கரடிகள் வணங்கி முடித்தபோது அது ஐந்தானது.

பன்னிரண்டரைக்கு, வழக்கமான மதியத் தூக்கத்துக்காக, மாடியில் விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் மேசைமேல் தலையணை போட்டுக் கவிழ்ந்துவிட்டார்கள். தூங்குகிறவர்களின் கணினி தூங்குவதில்லை. கோ கைவிளக்கோடு பூனைபோல நடந்து, வரைபடம் போடும் பாய்-ஹுவெய்யின் தோளைத் தொட்டார்.

"பாய்-ஹுவெய், உன் படம் திறந்திருக்கு."

"ஐயோ, மன்னிச்சுக்கோங்க கோ அண்ணா. இதோ மூடிட்டேன்."

மூடினாள். அவர் கீழே இறங்கி வருவதற்குள் படம் திறந்து வைத்திருப்பவர்களின் பட்டியலில் அளவையாளர் அ-கின்னின் பெயர் ஏறியிருந்தது. திரும்ப மாடி ஏறினார்.

"தூக்கத்துல கை பட்டுடுச்சு போல" என்றார் அ-கின், கண்ணைத் திறக்காமலே.

"தூக்கத்துல கடவுச்சொல்லும் அடிப்பியா?"

"பழக்கம்தான் அண்ணா. இருபது வருஷமா தூங்கிக்கிட்டேதானே வேலை பாக்கறேன்."

இரண்டு மணிக்கு கோவின் பொறுமை தீர்ந்தது. பெட்டியைப் பிடித்திருந்த நிரல்கள் அத்தனையையும் ஒரே கட்டளையில் நிறுத்தினார். ஐந்து நிமிடத்தில் தலைவரே படியிறங்கி வந்தார்.

"நான் கழட்டச் சொன்னது பெட்டியை. என் அரையாண்டு அறிக்கையை இல்ல. இனிமே யாரையும் இப்படிப் பலவந்தமா வெளியேத்தாதீங்க."

அவர் போனதும் பட்டியலைப் பார்த்தார் கோ. மறுபடி ஏழு பேர். பழைய பெட்டியின் கம்பியையே பிடுங்கிவிட்டார்.

அதுதான் பெரிய தவறு. போன பெட்டி திரும்பி வரும் என்று பெரிய கணினி பிடிவாதமாகக் காத்திருந்தது. அது காத்திருந்ததால் மாடியில் இருந்த இருபத்தேழு திரைகளும் உறைந்து நின்றன. தொலைபேசி அடித்தது.

"கோ அண்ணா, என் திரை செத்துப்போச்சு" என்றார் அ-கின். "ஊதுபத்தி ஏத்தவா, இல்ல இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாமா?"

கம்பியை மறுபடி செருகினார். எல்லாம் உயிர்த்தது. திறந்திருந்த கோப்புகள் பதினொன்று.

நாலேகாலுக்கு மாடிக்குப் போய், அத்தனை பேர் முன்னாலும் கோ கத்தினார். அவர் கத்தி அங்கே யாரும் கேட்டதில்லை.

"உங்களுக்கெல்லாம் நான் என்ன கெடுதல் பண்ணேன்? ஒரு மனுஷன் பொழப்பு போகப்போகுதுன்னு கொஞ்சமாவது தெரியுதா? பாய்-ஹுவெய், நீகூடவா?"

பாய்-ஹுவெய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள். வான்கோழிச் சோறு, இன்னும் சூடாக இருந்தது.

"மத்தியானம் நீங்க சாப்பிடலை" என்றாள்.

"எனக்கு வேண்டாம்." அதை அவள் மேசையிலேயே வைத்துவிட்டுக் கீழே இறங்கினார். பசித்தவன் தன் முன்னால் வைத்த சோற்றைத் திருப்பித் தரும்போது மனது எவ்வளவு கனக்கும் என்பதை அன்றுதான் அறிந்தார்.

முற்றத்து மூலையில் பூமிசாமிக்கு ஒரு சின்னக் கோயில் உண்டு. மழையில் நனைந்தபடி அதன் முன் கைகூப்பி நின்றார். "சாமித் தாத்தா, இந்தப் பெட்டியை மட்டும் இன்னிக்குக் கழட்டிக் கொடுத்துடு. ஒப்பந்தத்தை நான் பாத்துக்கறேன்."

திரும்பி வந்து பார்த்தபோது பட்டியலில் ஒரே ஒரு பெயர்தான் மிச்சம். வாசல் காவலறையின் கணினி. சாமி கண் திறந்துவிட்டது என்று நினைத்தார். மணி நாலு ஐம்பது. பெயர் போட்ட கழுத்து அட்டையைக்கூட எடுக்காமல் வாசலுக்கு ஓடினார்.

காவலறையில் அன்று காலைதான் வேலைக்குச் சேர்ந்த ஒரு முதியவர் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னே திரையில் ஏதோ ஒரு வாய்க்காலின் வரைபடம் விரிந்திருந்தது. மனிதர் அதைத் தொடாமல், கையை மடியில் வைத்துக்கொண்டு, தூங்கும் குழந்தைக்குக் காவல் இருப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரியவரே, அந்தப் படத்தைக் கொஞ்சம் மூடுங்க" என்றார் கோ, மூச்சு வாங்க.

முதியவர் இரண்டு கைகளாலும் விசைப்பலகையை மூடிக்கொண்டார்.

"அது மட்டும் முடியாது சார், அஞ்சு மணி வரைக்கும் என் முறை. கீழ கோ-ன்னு ஒருத்தர் இருக்காராம். பழைய பெட்டி இன்னிக்குள்ள கழண்டா அவரை வீட்டுக்கு அனுப்பிடலாம்னு தலைவர் கடுதாசி அடிச்சு வெச்சிருக்காராம், கழலலைன்னா, வேலை முடியலைன்னு ஒப்பந்தம் தன்னால இன்னும் ஒரு வருஷம் ஓடுமாம். அதான் மாடியில எல்லாரும் முறை போட்டு ஆளுக்கொரு படத்தைத் திறந்து வெக்கறாங்க. நீங்க அவரைப் பாத்தா சொல்லிடாதீங்க சார், பாவம், மனசு உடைஞ்சு போயிடுவாரு."